கல்விசார் தேடுபொறியில் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் முறை: ஆவடி, அம்பத்தூர் வட்டார ஆய்வுகளை முன்வைத்து

கல்விசார் தேடுபொறி என்பது ஆய்விதழ்க் கட்டுரைகள், முனைவர் பட்ட ஆய்வேடுகள், மாநாட்டுக் கட்டுரைகள், கல்வி நூல்கள், ஆய்வு நிறுவனங்களின் அறிக்கைகள் ஆகியவற்றைத் திரட்டித் தேடித் தரும் இணையக் கருவி ஆகும். கூகுள் ஸ்காலர், பப்மெட், செமான்டிக் ஸ்காலர், பேஸ், கோர் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றுள் பெரும்பாலானவற்றைக் கட்டணமின்றி யாரும் பயன்படுத்தலாம்.

இவற்றைத் திறந்து ஒரு சொல்லைத் தட்டுவது எளிது. ஆனால் தேடும் பொருள் எந்தப் பெயரில் எழுதப்பட்டுள்ளது என்று தெரியாதவருக்கு, தம் ஊரிலேயே நடந்த பெரிய ஆய்வுகூடக் கண்ணில் படாமல் போகும். சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதியான ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. உலக மருத்துவ நூல்களில் இடம்பெற்ற இரண்டு தடுப்பூசி ஆய்வுகள் இப்பகுதியோடு தொடர்புடையவை. இக்கட்டுரை அவ்விரண்டையும் தேடிக் கண்டுபிடிக்கும் வழியைக் கொண்டு, கல்விசார் தேடலின் முறைகளை விளக்குகிறது.

பொதுத் தேடலுக்கும் கல்விசார் தேடலுக்கும் உள்ள வேறுபாடு

பொதுத் தேடுபொறியில் ‘பிசிஜி தடுப்பூசி’ என்று தேடினால் மருத்துவமனை விளம்பரங்கள், செய்திகள், காணொளிகள், வினா விடைத் தளங்கள் எல்லாம் கலந்து வரும். அவற்றுள் பல, வேறொருவர் எழுதியதைச் சுருக்கிச் சொல்பவை. ஒரு தகவலை முதன்முதலில் யார் கண்டறிந்தார், எத்தனை பேரிடம் சோதித்தார், எந்த ஆண்டில் வெளியிட்டார் என்பவை பெரும்பாலும் அங்கே கிடைப்பதில்லை.

கல்விசார் தேடுபொறி மூல ஆய்வை நோக்கி அழைத்துச் செல்லும். ஒவ்வொரு முடிவின் கீழும் ஆசிரியர் பெயர், ஆய்விதழின் பெயர், வெளியான ஆண்டு, அதை எத்தனை பிற்கால ஆய்வுகள் மேற்கோள் காட்டியுள்ளன என்ற விவரம் ஆகியவை இருக்கும். கல்லூரித் திட்டக் கட்டுரை எழுதும் மாணவருக்கும், தம் குடும்பத்தின் உடல்நலம் குறித்து வந்த செய்தி உண்மையா என்று பார்க்க விரும்பும் பொது வாசகருக்கும் இந்த விவரங்கள் அடிப்படையானவை.

கூகுள் ஸ்காலர்

இன்று மிகப் பரவலாகப் பயன்படும் கல்விசார் தேடுபொறி கூகுள் ஸ்காலர். இது 2004 நவம்பரில் தொடங்கப்பட்டது. இதை உருவாக்கியவர்கள் கூகுள் நிறுவனப் பொறியாளர்களான அனுராக் ஆச்சார்யா, அலெக்ஸ் வெர்ஸ்டாக் ஆகியோர். ஆச்சார்யா காரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் படித்தவர். நூலகத்தில் கிடைக்காத கட்டுரைக்கு அதை எழுதியவருக்கே கடிதம் போட்டுக் கேட்டுக் காத்திருந்த மாணவர் தலைமுறையைச் சேர்ந்தவர்.

கூகுள் ஸ்காலரின் முக்கியமான இயல்பு, அது தலைப்பை மட்டுமல்லாமல் இயன்ற வரை கட்டுரையின் முழு உரையையும் தேடுவது. மருத்துவத்துக்கான பப்மெட் பெரும்பாலும் தலைப்பு, சுருக்கம், ஆசிரியர் முகவரி, பொருட்சொற்கள் ஆகியவற்றையே பார்க்கும். எனவே ஓர் ஊரின் பெயர் கட்டுரையின் நடுவே ஆய்வுமுறைப் பகுதியில் மட்டும் வந்திருந்தால், அதைப் பப்மெட் தவறவிடலாம். ஸ்காலர் பிடித்துவிட வாய்ப்பு உண்டு. மறுபுறம், பப்மெட்டில் பெரும்பாலான கட்டுரைகளுக்கு ஒழுங்குபடுத்தப்பட்ட பொருட்சொற்கள் சேர்க்கப்படுகின்றன. தொழுநோய்க்கு ஆங்கிலத்தில் வழங்கும் இரண்டு பெயர்களில் எதைத் தட்டினாலும் இரண்டுக்கும் உரிய கட்டுரைகளை அது சேர்த்துத் தரும். ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்வதால் இரண்டிலும் தேடுவது நல்லது.

எடுத்துக்காட்டாகக் கொள்ளும் இரண்டு ஆய்வுகள்

முதலாவது, காசநோய்க்கு எதிரான பிசிஜி தடுப்பூசி பற்றிய ஆய்வு. அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில் 1968 முதல் 1971 வரை ஏறத்தாழ 2,81,000 பேருக்குப் பிசிஜி தடுப்பூசியோ மருந்தற்ற ஊசியோ போடப்பட்டது. யாருக்கு எது என்பது குலுக்கல் முறையில் முடிவானது. அதன்பின் அம்மக்கள் 15 ஆண்டுகள் தொடர்ந்து கண்காணிக்கப்பட்டனர். முதல் அறிக்கை 1979இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழிலும், 15 ஆண்டு முடிவுகள் 1999இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழிலும் வெளிவந்தன. நுரையீரல் காசநோய் வராமல் தடுப்பதில் பெரியவர்களுக்கு இந்தத் தடுப்பூசி பாதுகாப்புத் தரவில்லை என்றும், குழந்தைகளுக்குக் குறைந்த அளவே பாதுகாப்புத் தந்தது என்றும் அந்த முடிவுகள் கூறின. மருத்துவ உலகம் இதை எதிர்பார்க்கவில்லை.

இரண்டாவது, தொழுநோய்த் தடுப்பூசி ஆய்வு. அன்று தொழுநோய்க்கான மத்திய ஜால்மா நிறுவனம் என வழங்கிய நிறுவனம் ஆக்ராவில் உள்ளது. அதன் களப்பிரிவு ஆவடியில் இயங்கியது. அந்தப் பிரிவு 1991 ஜனவரியில் தொடங்கி இரண்டரை ஆண்டுகளில் 1,71,400 பேரைத் தன் ஆய்வில் சேர்த்தது. நான்கு தடுப்பூசிகள் மருந்தற்ற உப்புநீர் ஊசியோடு ஒப்பிடப்பட்டன. பிசிஜி மட்டும் போட்டவர்களிடம் தொழுநோய்க்கு எதிராக 34.1 விழுக்காடும், பிசிஜியோடு கொல்லப்பட்ட தொழுநோய்க் கிருமியைச் சேர்த்துப் போட்டவர்களிடம் 64 விழுக்காடும், ஐசிஆர்சி தடுப்பூசி பெற்றவர்களிடம் 65.5 விழுக்காடும், எம்டபிள்யூ தடுப்பூசி பெற்றவர்களிடம் 25.7 விழுக்காடும் பாதுகாப்புக் காணப்பட்டது.

ஆவடிக் களப்பிரிவு, சென்னையிலிருந்த மருத்துவப் புள்ளியியல் ஆராய்ச்சி நிறுவனத்தோடு 1999 ஜூலையில் இணைக்கப்பட்டு, தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் ஆனது. இன்று அது அம்பத்தூரை அடுத்த அயப்பாக்கத்தில் இயங்குகிறது. 2020 மே, ஜூன் மாதங்களில் நாடு முழுவதும் 28,000 பேரிடம் நடந்த முதல் தேசிய கொரோனா எதிர்ப்பாற்றல் கணக்கெடுப்பில் முன்னின்றதும் இந்த நிறுவனமே.

சரியான தேடுசொல்லைக் கண்டறிதல்

ஊர்ப் பெயர்கள்

மேற்கண்ட ஆய்வுகளைத் தேடும் மாணவர் முதலில் ‘ஆவடி’, ‘திருவள்ளூர்’ என்றே ஆங்கில எழுத்தில் தட்டுவார். அதில் அவை சரியாகக் கிடைக்காமல் போகலாம். காரணம், ஆய்வு நடந்த காலத்தில் திருவள்ளூர் மாவட்டம் என்று ஒன்று இல்லை. ஆவடியும் அம்பத்தூரும் பூந்தமல்லியும் அன்று செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்தன. அந்த மாவட்டம் 1997இல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாகப் பிரிந்தது. கட்டுரைகளில் அது ‘சிங்கிள்புட்’ என்ற ஆங்கிலேயர் கால எழுத்துக்கூட்டலில் உள்ளது. சென்னையும் 1996க்கு முந்திய கட்டுரைகளில் ‘மெட்ராஸ்’ என்றே இருக்கும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2019இல் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு என்ற பெயரில் புதிய மாவட்டம் உருவாக்கப்பட்டது. அதன் எல்லை வேறு; பழைய மாவட்டத்தின் எல்லை வேறு. பழைய கட்டுரையில் வரும் மாவட்டப் பெயரை இன்றைய வரைபடத்தில் வைத்துப் பார்ப்பவர், ஆய்வு நடந்த இடத்தையே தவறாகப் புரிந்துகொள்ள நேரிடும். எனவே தேடத் தொடங்குமுன், அந்த ஆண்டில் அந்த ஊர் எந்த மாவட்டத்தில் இருந்தது, என்ன பெயரில் வழங்கியது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்வது பயன் தரும்.

ஒரே காலத்திலும் எழுத்துக்கூட்டல் மாறும். திருவள்ளூரை ஆங்கிலத்தில் ‘டி’ எழுத்துக்குப் பின் ‘எச்’ சேர்த்தும் சேர்க்காமலும் எழுதுகின்றனர். செம்பரம்பாக்கத்தில் ‘பாக்கம்’ என்பதை ‘பி’ எழுத்திலும் ‘பி ஃபார் பால்’ எனச் சொல்லும் ‘பி’ எழுத்திலும் காணலாம். பூந்தமல்லிக்கு ஆங்கிலேயர் வழங்கிய வடிவம் தமிழ் ஒலிப்புக்கு வெகு தொலைவில் உள்ளது. எல்லா வடிவங்களையும் தனித்தனியே தேடிப் பார்க்க வேண்டும்.

நிறுவனப் பெயர்கள்

நிறுவனங்களும் பெயர் மாற்றிக்கொள்கின்றன. பிசிஜி ஆய்வின் 15 ஆண்டு முடிவுகளை வெளியிட்ட சேத்துப்பட்டு நிறுவனம், 1956இல் காசநோய் வேதிமருத்துவ மையமாகத் தொடங்கியது. 1978இல் காசநோய் ஆராய்ச்சி மையம் ஆனது. 2011இல் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் ஆனது. இன்றைய பெயரை மட்டும் கொண்டு தேடுபவருக்கு முதல் 55 ஆண்டுகளின் பணி முழுமையாகக் கிடைக்காது. இதே போல, தொழுநோய் ஆய்வைத் தேடும்போது அயப்பாக்கம் நிறுவனத்தின் பெயரோடு ஆவடிக் களப்பிரிவின் பெயரையும் பயன்படுத்த வேண்டும்.

கிருமிகளும் சுருக்கப் பெயர்களும்

தொழுநோய் ஆய்வில் எம்டபிள்யூ என்று குறிக்கப்பட்ட கிருமிக்கு 2009இல் மைக்கோபாக்டீரியம் இண்டிகஸ் பிரானி என்ற அறிவியல் பெயர் நிலைபெற்றது. 2009க்கு முன்னும் பின்னும் வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் படிக்க இரண்டு பெயர்களும் தேவை.

சுருக்கப் பெயர்கள் வேறு வகையில் ஏமாற்றும். ஐசிஆர்சி என்பது இங்கே இந்தியப் புற்றுநோய் ஆராய்ச்சி மையத்தின் பெயரால் வந்த கிருமி. தனியே அதைத் தட்டினால் பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழு பற்றிய கட்டுரைகள் வந்து குவியும். தொழுநோயைக் குறிக்கும் சொல்லையும் சேர்த்துத் தேடினால் இந்தக் குழப்பம் நீங்கும்.

தேடலைச் சுருக்கும் வழிகள்

சொற்களைக் கண்டறிந்த பிறகு, முடிவுகளின் எண்ணிக்கையைக் குறைக்கச் சில எளிய வழிகள் உள்ளன.

இரட்டை மேற்கோள் குறி: பல சொற்கள் கொண்ட தொடரை இரட்டை மேற்கோள் குறிக்குள் இட்டால், அச்சொற்கள் அதே வரிசையில் சேர்ந்து வரும் கட்டுரைகள் மட்டும் கிடைக்கும். நிறுவனப் பெயருக்கும் கட்டுரைத் தலைப்புக்கும் இது ஏற்றது.

கழித்தல் குறி: பிசிஜி மருந்து சிறுநீர்ப்பைப் புற்றுநோய்ச் சிகிச்சையிலும் பயன்படுகிறது. எனவே பிசிஜி என்று தேடினால் அந்தக் கட்டுரைகளும் நிறைய வரும். சிறுநீர்ப்பையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முன் இடைவெளியின்றிக் கழித்தல் குறி இட்டால், அச்சொல் வரும் கட்டுரைகள் விலக்கப்படும்.

‘ஆர்’ என்ற இணைப்புச் சொல்: இரண்டு பெயர்களுள் ஏதேனும் ஒன்று வந்தால் போதும் என்றால், அவற்றின் நடுவே ஆங்கிலப் பெரிய எழுத்தில் ‘ஆர்’ என இடலாம். ‘மெட்ராஸ்’, ‘சென்னை’ இரண்டையும் ஒரே தேடலில் சேர்க்க இது உதவும்.

ஆசிரியர், தலைப்பு: கூகுள் ஸ்காலரில் ‘ஆதர்’ என்று எழுதி முக்காற்புள்ளி இட்டு ஒருவரின் பெயரை இட்டால் அவர் எழுதியவை வரும். ‘இன்டைட்டில்’ என்று எழுதி அதே போல் ஒரு சொல்லை இட்டால் அச்சொல் தலைப்பில் உள்ளவை மட்டும் வரும்.

ஆண்டு வரம்பு: பக்கத்தின் ஓரத்தில் ஆண்டுகளைக் குறிக்கும் வசதி உள்ளது. பழைய மூல ஆய்வு வேண்டும் என்றால் 1968 முதல் 1999 வரை என்று குறிக்கலாம். இன்றைய நிலை தெரிய வேண்டும் என்றால் கடந்த ஐந்து ஆண்டுகளைத் தேர்ந்தெடுக்கலாம்.

முடிவுகள் ஆயிரக்கணக்கில் இருப்பதாகப் பக்கத்தின் மேலே காட்டினாலும், ஸ்காலர் ஒரு தேடலுக்கு முதல் 1,000 முடிவுகளை மட்டுமே திறந்து காட்டும். ஆகவே பக்கம் பக்கமாகப் புரட்டுவதைவிடச் சொற்களை மாற்றி மீண்டும் தேடுவதே விரைவான வழி.

ஒரு கட்டுரையிலிருந்து மற்றவற்றுக்குச் செல்லுதல்

நல்ல கட்டுரை ஒன்று கையில் கிடைத்துவிட்டால், அதன்பின் தேடுசொல்லை நம்பியிருக்க வேண்டியதில்லை. அக்கட்டுரையிலிருந்தே இரண்டு பக்கமும் செல்லலாம். அதன் இறுதியில் உள்ள மேற்கோள் பட்டியல், அதற்கு முன் நடந்த ஆய்வுகளைக் காட்டும். ஸ்காலரில் அதன் கீழே உள்ள ‘சைட்டட் பை’ என்ற இணைப்பு, அதற்குப் பின் வந்து அதை மேற்கோள் காட்டிய ஆய்வுகளைக் காட்டும். அருகிலுள்ள ‘ரிலேட்டட் ஆர்ட்டிகிள்ஸ்’ என்ற இணைப்பு ஒத்த பொருளுடைய கட்டுரைகளைத் தரும்.

பின்னே வந்த ஆய்வுகளைப் பார்ப்பது எவ்வளவு முக்கியம் என்பதைச் செங்கற்பட்டு ஆய்வே காட்டுகிறது. அந்த ஒரு கட்டுரையின் சுருக்கத்தை மட்டும் படிப்பவர், ‘பிசிஜி பயனற்றது, நம் மாவட்டத்திலேயே நிரூபித்துவிட்டார்கள்’ என்ற முடிவுக்கு வந்துவிடலாம். அதை ஒரு வரியாகச் சுருக்கிக் குடும்பக் குழுவில் பகிர்ந்தால், பிறந்த குழந்தைக்கு ஊசி போடலாமா என்று ஒரு தாய் தயங்க நேரும்.

மேற்கோள் வழியே நடந்தால் படம் மாறுகிறது. 1979இல் வெளியான முதல் அறிக்கையை மேற்கோள் காட்டிய கட்டுரைகளுள், 1994இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த தொகுப்பாய்வு ஒன்று உண்டு. பல நாடுகளில் நடந்த பிசிஜி ஆய்வுகளை அது ஒருங்கே வைத்துக் கணக்கிட்டது. ஆய்வுக்கு ஆய்வு முடிவுகள் பெரிதும் வேறுபடுவதையும், மொத்தமாகப் பார்க்கும்போது காசநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைவதையும், காசநோய் மூளைச்சவ்வு அழற்சிக்கு எதிராக 64 விழுக்காடு பாதுகாப்பு இருப்பதையும் அது கூறியது. குழந்தைகளைத் தாக்கும் இத்தகைய கொடிய வகைக் காசநோய்களைத் தடுப்பதற்காகவே இந்தியாவில் பிறந்த குழந்தைகளுக்குப் பிசிஜி இன்றும் போடப்படுகிறது. செங்கற்பட்டு ஆய்வு அளந்ததோ சளியில் கிருமி காணப்படும் நுரையீரல் காசநோயை. இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். எனவே இரண்டுக்கும் இடையே முரண்பாடு இல்லை.

ஆகவே ஒரு பொருளைப் பற்றித் தேடும்போது குறைந்தது ஒரு மூல ஆய்வையும், பல ஆய்வுகளை ஒப்பிடும் ஒரு மீளாய்வுக் கட்டுரையையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மீளாய்வுகளை மட்டும் வடிகட்டிக் காட்டும் வசதி ஸ்காலரிலும் பப்மெட்டிலும் உள்ளது.

முழுக் கட்டுரையைப் பெறும் வழிகள்

தேடல் முடிவைச் சொடுக்கினால் பல நேரங்களில் சுருக்கம் மட்டும் தெரியும். முழுக் கட்டுரைக்கு வெளியீட்டாளர் பணம் கேட்பார். பணம் கட்டுமுன் பின்வரும் வழிகளைப் பார்க்கலாம்.

1. ஸ்காலர் முடிவின் வலப்பக்கத்தில் ‘பிடிஎஃப்’ என்ற குறி இருந்தால், அது இலவசமாகத் திறக்கும் படி. அந்தக் குறி இல்லாவிட்டாலும், ‘ஆல் வெர்ஷன்ஸ்’ என்ற இணைப்பில் பல்கலைக்கழகக் களஞ்சியத்திலோ ஆசிரியரின் பக்கத்திலோ உள்ள படி கிடைக்கக்கூடும்.

2. சில ஆய்விதழ்கள் எல்லோருக்கும் திறந்தவை. 1913இல் தொடங்கிய இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழ் அத்தகையது. உலக சுகாதார நிறுவன இதழின் பழைய தொகுதிகள், பப்மெட்டின் துணைக் களஞ்சியமான பப்மெட் சென்ட்ரலில் இலவசமாக உள்ளன. பிசிஜி ஆய்வின் 1979ஆம் ஆண்டு அறிக்கையை அங்கே படிக்கலாம்.

3. அன்பேவால் என்ற உலாவி நீட்சியை நிறுவிக்கொண்டால், பணம் கேட்கும் பக்கத்திலேயே அக்கட்டுரையின் சட்டப்படியான இலவசப் படி வேறெங்கும் உண்டா என்று அது காட்டும்.

4. கல்லூரி நூலகத்தின் சந்தாவைப் பயன்படுத்தலாம். ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் அளித்தது. 2025 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. 30 வெளியீட்டாளர்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை அது உள்ளடக்குகிறது. மத்திய, மாநில அரசுகளின் நிர்வாகத்தில் உள்ள உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களை முன்வைத்தே இத்திட்டம் தொடங்கியது. ஆவடியிலும் பூந்தமல்லி நெடுஞ்சாலையிலும் தனியார் கல்லூரிகள் மிகுதி. அங்குப் படிப்பவர்கள் தங்கள் கல்லூரியில் எந்தச் சந்தா உள்ளது, வீட்டிலிருந்து அதைத் திறக்க முடியுமா என்று நூலகரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

5. எதுவும் கிடைக்காவிட்டால் ஆசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்பலாம். கட்டுரையின் முதல் பக்கத்தில் தொடர்புக்குரிய ஆசிரியரின் முகவரி இருக்கும். எந்தக் கட்டுரை, எதற்காக வேண்டும் என்று மூன்று வரியில் பணிவாக எழுதினால் போதும். தம் கட்டுரையை ஒருவர் படிக்கக் கேட்பது பெரும்பாலான ஆய்வாளர்களுக்கு மகிழ்ச்சியே தரும்.

நம்பகத்தன்மையைச் சோதித்தல்

கல்விசார் தேடுபொறியில் வந்துவிட்டது என்பதால் மட்டும் ஒரு கட்டுரை நம்பத்தக்கது ஆகிவிடாது. கூகுள் ஸ்காலர் இயந்திர முறையில் இணையத்தைத் துழாவித் திரட்டுகிறது. பணம் பெற்றுக்கொண்டு எதையும் மதிப்பிடாமல் வெளியிடும் போலி ஆய்விதழ்களும் அதில் இடம்பெறுகின்றன. இந்தியாவில் தரமான இதழ்களை அடையாளம் காட்டப் பல்கலைக்கழக மானியக் குழு பராமரித்த ‘கேர்’ பட்டியல் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. எனவே இதழின் தரத்தைச் சோதிக்கும் பொறுப்பு முன்னைவிட மாணவரிடமும் அவருடைய வழிகாட்டியிடமும் வந்துள்ளது.

ஆய்விதழின் ஆசிரியர் குழுவில் உள்ளவர்கள் உண்மையிலேயே அத்துறையினரா, கட்டுரைகளை வல்லுநர்கள் மதிப்பிட்ட பிறகே வெளியிடுகிறதா, மருத்துவ இதழ் என்றால் பப்மெட்டில் உள்ளதா, திறந்த இதழ் என்றால் டிஓஏஜே என்ற திறந்த ஆய்விதழ்களின் பட்டியலில் உள்ளதா என்று பார்க்கலாம். ‘ஒரு வாரத்தில் வெளியீடு உறுதி’ என்று விளம்பரம் செய்யும் இதழை விட்டு விலகுவது நல்லது.

நல்ல இதழில் வந்த கட்டுரையும் பின்னர் திரும்பப் பெறப்படலாம். கொரோனாவுக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் தருவது பற்றி லான்செட் இதழ் 2020 மே 22 அன்று ஒரு கட்டுரையை வெளியிட்டது. அதன் தரவுகளைச் சரிபார்க்க முடியாததால் ஜூன் 4 அன்றே அது திரும்பப் பெறப்பட்டது. இடைப்பட்ட இரண்டு வாரங்களில் உலகெங்கும் செய்திகளில் அது பரவிவிட்டது. எனவே தேடல் முடிவோடு நின்றுவிடாமல், இதழின் சொந்தப் பக்கத்துக்குச் சென்று திருத்தமோ திரும்பப் பெறும் அறிவிப்போ உள்ளதா என்று பார்க்க வேண்டும்.

மேற்கோள் எண்ணிக்கையையும் அளவோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். பழைய கட்டுரைக்கு மேற்கோள் சேர நாள் அதிகம். புதிய கட்டுரைக்குக் குறைவு. மறுப்பதற்காக மேற்கோள் காட்டுவதும் அதே எண்ணிக்கையில்தான் சேரும்.

செயற்கை நுண்ணறிவு உரையாடிகள் தரும் கட்டுரைப் பட்டியலைத் தனியாகச் சோதிக்க வேண்டும். அவை எழுதப்படாத கட்டுரைகளையும் உண்மையானவை போலத் தலைப்பு, ஆசிரியர், ஆண்டு ஆகியவற்றோடு தருவதுண்டு. தலைப்பை இரட்டை மேற்கோள் குறிக்குள் இட்டு ஸ்காலரிலும் இதழின் பக்கத்திலும் தேடிப் பார்த்து, கண்ணால் கண்ட பிறகே அதைப் பயன்படுத்த வேண்டும்.

பிற துறைகளும் பிற தேடுபொறிகளும்

மேற்சொன்ன முறைகள் மருத்துவத்துக்கு மட்டும் உரியவை அல்ல. ஆவடியில் உள்ள போர் வாகன ஆராய்ச்சி, வளர்ச்சி நிறுவனத்தின் அறிவியலாளர்கள் எழுதும் கட்டுரைகளைத் தேடும் இயந்திரவியல் மாணவர், நிறுவனத்தின் ஆங்கிலச் சுருக்கப் பெயரையும் ‘ஆவடி’ என்பதையும் சேர்த்துத் தேடலாம். பாதுகாப்பு ஆராய்ச்சி, வளர்ச்சி அமைப்பு நடத்தும் பாதுகாப்பு அறிவியல் இதழ் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

குடிசார் பொறியியல், புவியியல் மாணவர்கள் பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கம் ஏரியை எடுத்துக்கொள்ளலாம். 2015 டிசம்பர் 2 காலை வரையான 24 மணி நேரத்தில் அங்கு 47 செ.மீ. மழை பதிவானது. அந்தப் பெருமழைக்குப் புவி வெப்பமயமாதல் காரணமா என்று ஆராய்ந்த பன்னாட்டுக் குழு ஒன்று, அதன் தாக்கம் தங்கள் பகுப்பாய்வில் தென்படவில்லை என்று 2016இல் அமெரிக்க வானிலைச் சங்கத்தின் இதழில் எழுதியது. இந்த முடிவையும் தனியே எடுத்துக்கொள்ளாமல், அதை மேற்கோள் காட்டிய பிற்காலக் கட்டுரைகளோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

ஆய்வேடுகளுக்கு இன்ஃபிளிப்நெட் மையம் நடத்தும் சோத்கங்கா பெரிய களஞ்சியம். இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் அங்கே முழுமையாகக் கிடைக்கின்றன. காரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் நடத்தும் தேசிய மின்னூலகமும், ஜெர்மனியின் பீலஃபெல்ட் பல்கலைக்கழக நூலகம் நடத்தும் பேஸ் தேடுபொறியும் பயன்மிக்கவை.

தமிழில் எழுதப்பட்ட ஆய்வுகளைத் தேடுவதில் ஒரு தடை உள்ளது. பழைய கோப்புகள் பல ஒருங்குறி அல்லாத எழுத்துருக்களில் தட்டச்சானவை. வேறு பல, பக்கங்களைப் படமாக எடுத்தவை. இவற்றின் உள்ளே இருக்கும் தமிழ்ச் சொற்களைத் தேடுபொறியால் படிக்க இயலாமல் போகிறது. எனவே தமிழ் ஆய்வேட்டைத் தேடும்போது உள்ளடக்கச் சொற்களை நம்பாமல், தலைப்பு, ஆசிரியர், பல்கலைக்கழகம் ஆகியவற்றைத் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் மாற்றி மாற்றித் தேட வேண்டும். பழைய தமிழ் நூல்களுக்கும் இதழ்களுக்கும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தையும், ஈழத்து வெளியீடுகளுக்கு நூலகம் நிறுவனத்தின் தளத்தையும் தனியே பார்ப்பது நல்லது.

தேடியதைக் குறித்து வைத்தல்

எந்தச் சொல்லை, எந்தத் தேடுபொறியில், எந்த நாளில் தேடினோம் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பது ஆய்வாளர்களின் வழக்கம். இதனால் ஒரே தேடலை மீண்டும் செய்வது தவிர்க்கப்படும். வழிகாட்டி கேட்கும்போது காட்டவும் முடியும். ஸ்காலரில் பயனர் கணக்கு உள்ளவர்கள், நட்சத்திரக் குறியைத் தொட்டுக் கட்டுரையைத் தம் சேமிப்பில் வைக்கலாம். ஒரு தேடலுக்கு அறிவிப்பு வசதியை அமைத்துவிட்டால், அப்பொருளில் புதிய கட்டுரை வரும்போது மின்னஞ்சல் வரும்.

மேற்கோள் வடிவத்தை ஸ்காலரே எழுதித் தரும் என்றாலும் அதில் பெயர், தொகுதி எண், பக்க எண் ஆகியவை பிழையாக இருப்பதுண்டு. மூலக் கட்டுரையோடு ஒப்பிட்டுச் சரிசெய்த பிறகே அதைப் பயன்படுத்த வேண்டும். படித்த கட்டுரையை மட்டுமே மேற்கோள் காட்ட வேண்டும். சுருக்கத்தை மட்டும் படித்திருந்தால், முழுக் கட்டுரையைப் பெற்றுப் படித்த பிறகு சேர்க்கலாம்.

அரை நூற்றாண்டுக்கு முன் செங்கற்பட்டு மாவட்டத்துக் கிராமங்களிலும் சிற்றூர்களிலும் லட்சக்கணக்கானோர் கையை நீட்டி ஊசி போட்டுக்கொண்டதால் கிடைத்த அறிவு, இன்று உலகம் முழுவதும் மேற்கோள் காட்டப்படுகிறது. அவர்களுள் பலரின் பேரப்பிள்ளைகள் இன்று இதே பகுதியின் கல்லூரிகளில் படித்துக்கொண்டிருக்கக்கூடும். பழைய மாவட்டப் பெயரையும் பழைய நிறுவனப் பெயரையும் அறிந்து தேடினால், அந்தக் கட்டுரைகளைச் சில நிமிடங்களில் அவர்கள் தம் கைப்பேசியிலேயே திறந்து படிக்கலாம்.